கவர்னர் வாள்

ஸ்ரீஸ்கந்தராஜா புத்தகத்தின் பதினோராம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை இங்கிலீஷில், வாய்விட்டு. இரண்டாம் தடவை சத்தமில்லாமல். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிரே நின்ற ஸக்கரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஸக்கரியா, உம்முடைய மெஷினிலை கவர்னர் எண்டு ஒரு சாமான் இருந்ததோ?”

ஸக்கரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சாமான் இல்லீங்க ஐயா. அது ஆளு.”

சிரித்தது அவர் மட்டும்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. மாத்தளை டவுனில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேருக்கு ஸக்கரியாவே சொல்லியிருப்பார். கொங்காவெலையில் அவருடைய பட்டறை. தண்ணீர்ப் பம்பு, நெல் மில் இஞ்சின், தையல் மெஷின் என்று எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் “பார்ப்போம்” என்று சொல்கிற ஆள் இல்லை அவர். “நாளைக்கி வாங்க” என்பார், நாளைக்கே கொடுத்தும் விடுவார். கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் பூட்டிய மெஷின் கோளாறு செய்தால் பெற்றோல் பிழை, எண்ணெய் பிழை, ஓட்டினவன் பிழை. நாற்பத்தாறு வயது வரைக்கும் பட்டறையின் பிழை என்று ஒன்றை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் பழைய இரும்புக் கடைதான் கதி. அப்படித் தேடித் திரிந்தபோதுதான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில், எலி கூடு கட்டிய நிலையில், ஒரு மெஷின் வாள் அவர் கண்ணில் பட்டது. இஞ்சினால் சங்கிலி சுற்றி மரம் அறுக்கிற வாள். கனடாவில் செய்தது, இருபத்திரண்டு வருடம் பழசு. அதன் மரப்பெட்டி மூடியில், தோட்டத்து ஆட்களுக்கு விளங்கட்டும் என்று, அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை யாரோ வெள்ளைப் பெயின்ட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார்: ‘கவர்னர் உண்டு. கை வைக்காதே.’

பட்டறையில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குடியரசு வந்து ஒரு வருடம். கவர்னர் என்கிற உத்தியோகமே எடுபட்டுப் போயிருந்தது. “கவர்னர்ட நாற்காலியே இப்ப இல்ல. நான் கை வெக்கிறேன், எவன் கேக்கிறாண்டு பார்ப்போம்” என்று ஸக்கரியா மூடியைப் பெயர்த்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கவர்னர் வாள்.

இஞ்சினின் வேகத்தை மட்டுப்படுத்துகிற உறுப்பு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. நெல் மில் இஞ்சினில் அதை நூறு தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறார். இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும், அதனால் இங்கே பட்டறைகளில் அதற்குப் பெயர் ‘குண்டு’. இங்கிலீஷில் அதைக் கவர்னர் என்பார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அவருக்குக் குறைவு.

வாளில் குண்டு ஒன்றும் இருக்கவில்லை. காற்றுப் போகிற வழியில், ஒரு ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு, நகத்தளவில் ஒரு தகடு மட்டும் இருந்தது. துருவேறி இறுகிப்போய், வாளை வேகம் எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தூசித் தகடு என்று நினைத்து அதைக் கழற்றி வீசினார். அடுத்த இழுப்பில் வாள் போட்ட அலறலில் எதிர்க்கடை ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். “புதுசுல கூட இப்பிடி ஓடி இருக்காது” என்றார் ஸக்கரியா. அது உண்மைதான். புதிதில் அதை அப்படி ஓட விட்டிருக்க மாட்டார்கள்.

மற்றதையெல்லாம் தேடிப் பிடித்திருந்தார். சங்கிலி கொழும்பில், பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கார்பரேட்டருக்குள் போகிற மெல்லிய தோலை ஒரு பழைய மழைக்கோட்டில் வெட்டி எடுத்தார். கிடைக்காமல் இழுத்தடித்தது வாளைப் பற்றிய புத்தகம் ஒன்றுதான். அதற்காகப் பதினான்கு மாதம் கடிதம் போனது. கொழும்பு ஏஜென்டுக்கு, கனடாவுக்கு, சீமைக்குத் திரும்பிப் போயிருந்த தோட்டத்துத் துரைக்கு. எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா, மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதிக் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் கந்தோரில் இங்கிலீஷுக்கு வேலை குறைந்துவிட்டிருந்தது. அழகான இங்கிலீஷைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனிதருக்கு ஸக்கரியாவின் கடிதங்கள் ஒரு ஆறுதல். கடைசியில் துரையின் மனைவிதான் கப்பல் தபாலில் அனுப்பியிருந்தாள். இன்று காலை தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஸக்கரியா பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லாமல், கச்சேரியில் தேநீர் நேரம் பார்த்து ஓடி வந்திருந்தார்.

“ஆள் இல்லை ஸக்கரியா, சாமான்தான்” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “கேளும். ‘கவர்னரைக் கழற்றிப்போட்டு இந்த இஞ்சினை ஒருக்காலும் ஓட்டக் கூடாது. அது இல்லாட்டில் வேகம் ரெண்டு மடங்காய்ப் போகும். இஞ்சினுக்குப் பக்கத்திலை சுத்திற வீல் சிதறும். உருக்கு வீல் எண்டாலும் சிதறும். வாள் பிடிக்கிறவருக்கும் கிட்ட நிக்கிறவைக்கும் உயிராபத்து.’ படமும் போட்டிருக்கு. பாரும்.”

படத்தில் இருந்தது தூசித் தகடு.

ஸக்கரியா புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை தரம் பார்த்தாலும் அதே தகடு, அதே ஸ்பிரிங். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். புத்தகம் உருக்கு வீலைப் பற்றிப் பேசுகிறது. இந்த வாளின் உருக்கு வீல் தோட்டத்து ஸ்டோரிலேயே உடைந்து கிடந்தது. அதற்குப் பதிலாக அவர் பூட்டியது பல்லேபொலையில் ஒரு தண்ணீர்ப் பம்பில் கழற்றிய வார்ப்பிரும்பு வீல். கண்டியில் கடைசல் பிடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து, அச்சொட்டாகப் பழைய வீல் போலவே ஆக்கியிருந்தார். பம்பு மெதுவாக ஓடும். அந்த வீலும் மெதுவாக ஓடவென்று வார்த்தது. இந்த விஷயம் உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

“வாள் இப்ப எங்கை?”

“வில்கமுவைல ஐயா. தங்கச்சி மாப்பிள்ள நுஹ்மான் ஞாயித்துக்கிழம கொண்டு போனான். புது வாய்க்கால் வெட்டுற எடத்துல மரம் விழுத்துற வேல.”

“எப்ப தொடக்கம்?”

“இண்டைக்கு” என்றார் ஸக்கரியா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்கே உறைத்தது.

நுஹ்மான் கைவாளால் மரம் அரிந்து பிழைத்தவன். முப்பத்திரண்டு வயது. ஜுனைதாவைக் கட்டி ஒன்பது வருடம், இரண்டு பிள்ளைகள். வாப்பா மௌத்தான பிறகு ஜுனைதாவை வளர்த்து, பார்த்துக் கட்டிக் கொடுத்தவர் ஸக்கரியா. அவருக்கிருக்கிற ஒரே உடன்பிறப்பு. “அவருட தோள் ரெண்டும் தேஞ்சு போச்சு நாநா. ஒரு மெஷின் செஞ்சு குடுங்களேன்” என்று அவள் கேட்டுத்தான் இந்த வாளுக்கு உயிர் வந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா அப்போதே மேசையிலிருந்த கடதாசியில் எழுதிக் கொடுத்தார். “தந்தி அடியும். ‘வாளை ஓட்டாதே. வீல் வெடிக்கும். ஸக்கரியா.’ இவ்வளவும் காணும். அடிச்சுப்போட்டு உடனே வெளிக்கிடும்.”

தபாற் கந்தோரில் தந்தி வாங்குகிற யன்னலில் இருந்தவர் ஜைனுதீன். ஸக்கரியாவின் பக்கத்து வீடு, ஒரே பள்ளிவாசல், வெள்ளிக்கிழமையென்றால் ஒரே வரிசை. ஸக்கரியா கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதை உள்ளே நீட்டினால் லுஹர் தொழுகைக்கு முன்னால் கொங்காவெல முழுக்கப் பரவிவிடும்: ஸக்கரியா நாநா பூட்டின மெஷின் ஆளைக் கொல்லப் பார்த்ததாம். அவர் ஒரு தந்திப் படிவம் கேட்டு வாங்கினார். ‘வாளை நிறுத்தவும். எண்ணெய் மாற்ற வருகிறேன்’ என்று எழுதினார். நிறுத்தவும் என்றால் நிறுத்தத்தானே வேண்டும், அதற்குமேல் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காசைக் கொடுத்தார். மனிதன் எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறான் பாருங்கள். சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வில்கமுவை வழியில் எலஹெர வரைக்கும் போகிற பஸ் பத்தே முக்காலுக்கு. ஓடிப் பிடித்தார். மடியில் புத்தகம், சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர். நாலந்தையில் ட்ரைவர் இறங்கித் தேநீர் குடித்தான், பிறகு ஒரு சுருட்டுப் பற்றவைத்தான். ஸக்கரியா இறங்கிப் போய், கொஞ்சம் அவசரம் என்றார் சிங்களத்தில். எல்லாருக்கும் அவசரம்தான் என்றான் அவன், நிதானமாக.

பஸ் நாவுல ஊரைத் தாண்டியபோது அவருக்கு உக்குவளைப் பக்கத்தில் ஒரு மில்லில் பார்த்தது நினைவுக்கு வந்தது. வார்ப்பிரும்பு உருளை ஒன்று ஓட்டத்தில் வெடித்த காலை. உருக்கு என்றால் வளையும், முனகும், ஏதாவது ஒரு சத்தத்தில் சொல்லிவிடும். வார்ப்பிரும்பு எதுவும் சொல்லாது. ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த நிமிடம் இருக்காது. அன்றைக்கு ஒரு துண்டு கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வளவில் போய் விழுந்தது. மில்லில் அந்த நேரம் ஆள் இல்லாததால் அதை எல்லாரும் ஒரு வேடிக்கையாகப் பேசினார்கள். அவரும் பேசினார். இந்த வாளின் வீல் பிடிக்கிறவனின் வயிற்றிலிருந்து ஒரு சாண் தூரம். நடுவில் இருப்பது சிகரெட் டின் கனத்தில் ஒரு மூடி.

எலஹெரவில் இறங்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து உள்ளே போகிற பஸ் நாலு மணிக்கு என்றார்கள். கடைக்கு முன்னால் உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ட்ராக்டரிடம் ஓடினார். ட்ராக்டர்க்காரன் திக்கிரி பண்டா, வில்கமுவப் பக்கம் வயல் செய்கிறவன். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. யாருக்கும் ஆபத்தா என்று கேட்டான்.

“இன்னும் இல்ல” என்றார் ஸக்கரியா. சிங்களத்தில் சொல்லிக்கொண்டே ட்ரெயிலரில் ஏறினார்.

திக்கிரி பண்டா மிச்ச மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ட்ராக்டரை எடுத்தான்.

பாதை என்று பெயர், பாதி குழி. ட்ரெயிலரில் உர மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி ஸக்கரியா ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, ட்ராக்டர் ஒரு ஓடையில் இறங்கி வேகம் குறைந்த இடத்தில், அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தூரத்தில், காட்டுக்குள், மெல்லிய ஒரு கூவல். அவருடைய வாள்.

சத்தம் கேட்கிறதென்றால் நுஹ்மான் உயிரோடு இருக்கிறான். சத்தம் கேட்கிறதென்றால் வீல் சுற்றுகிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் ட்ரெயிலர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டார். திக்கிரி பண்டா திரும்பிப் பார்த்து, என்ன அருமையான மெஷின், காலையிலிருந்து இரண்டு மைல் தூரத்துக்குக் கேட்கிறதாம், ஊரெல்லாம் அதைத்தான் பேசுகிறார்களாம் என்றான். அப்போது சத்தம் பட்டென்று நின்றது.

அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. ஒரு பறவை கத்தியது. ட்ராக்டர் மேட்டில் ஏறும்போது மரம் ஒன்று சரிந்து விழுகிற ஓசை வந்தது, பின்னாலேயே ஆட்கள் கூவுகிற சத்தம். மரம் சரியப் போவதால் வாளை நிறுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். ஸக்கரியாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ட்ராக்டர் நிற்கும் முன்னே குதித்து ஓடினார்.

வாய்க்கால் வருகிற வழி நெடுக விழுந்த மரங்கள். ஆறு பேர் வேலையில் இருந்தார்கள். இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து வந்த மூன்று பேர், ஊர்ச் சிங்களவர் மூன்று பேர். நடுவில் நுஹ்மான், சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, வாளை ஒரு மருத மரத்துக்கு முன்னால் தரையில் வைத்து அதற்குப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த மரம் ஏற்கெனவே கோடரியால் பாதி வெட்டப்பட்டு நின்றது.

“இந்தா, ஆளே வந்துட்டாரு” என்று நுஹ்மான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்களிடம், “இவருதான். என் மச்சான். இந்த மெஷின எடுத்து நிமிர்த்தினது இவர்ட கைதான்” என்றான்.

ஆறு பேரும் ஸக்கரியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்து ஆட்களில் மூத்தவர் கும்பிட்டார். “எங்க தோட்டத்து வாளுங்களாம் இது. துரை காலத்துல நான் பார்த்திருக்கேங்க. அப்பகூட இந்தப் பாய்ச்சல் கெடையாதுங்க. பெரிய வேலைக்காரருங்க நீங்க” என்றார்.

“தந்தி கெடச்சிச்சு மச்சான்” என்றான் நுஹ்மான். “பன்னெண்டு மணி போல ஒரு பொடியன் சைக்கிள்ல கொண்டு வந்தான். எண்ணெய்க்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? இருக்கிற எண்ணெய் இன்னம் தாங்கும்ண்டு நெனச்சேன். அதுக்குப் பொறகு நாலு மரம் விழுத்திட்டோம்.”

நாலு மரம். எல்லாரும் ஸக்கரியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழி நெடுகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. வெளியே வந்தது வேறு.

“ஒண்டுமில்ல. ஒரு சின்னத் தகடு போடணும். அதுக்குத்தான்.”

“எவ்வளவு நேரம் புடிக்கும்?”

“ஒரு அரை மணித்தியாலம்.”

“அப்ப இந்த மரத்த விழுத்திட்டுத் தாறேன். பாதி வெட்டி நிக்கிது. காத்தும் எழும்புது. இப்பிடியே விட ஏலாது” என்றான் நுஹ்மான்.

“சரி” என்றார் ஸக்கரியா.

நுஹ்மான் கயிற்றை இழுத்தான். வாள் அலறியது. ஆட்கள் மரம் விழுகிற பக்கத்தை விட்டு ஒதுங்கி, சும்மா தரையில் குந்தினார்கள். ஒருவர் வெற்றிலை மடித்தார். ஸக்கரியா பின்னால் நடந்தார். பத்து அடி தூரத்தில் ஒரு பாலை மரம், இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமன். அதற்குப் பின்னால் போய் நின்றார். கால் தன்பாட்டில் போய்விட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கால் தன்பாட்டில் போகாது. எந்தத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும், எந்த மரம் அதைத் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த தலை ஒன்று அந்தக் காலுக்கு மேலே இருந்தது.

மரத்தின் விளிம்பால் எட்டிப் பார்த்தார். மரத்தூள் நுஹ்மானின் முழங்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் திறந்து கிடந்தது. வீலுக்கும் அவன் விலாவுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம். சத்தத்தில் ஏதோ ஒரு சின்ன அதிர்வு புதிதாகச் சேர்ந்திருந்தது. மற்ற யாருக்கும் அது கேட்காது, அவருக்குக் கேட்டது. அப்போதும் அவர் நகரவில்லை. இன்னும் கொஞ்சம்தானே, மரம் இப்போது விழுந்துவிடும், விழுந்ததும் நிறுத்திவிடுவான், யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று மனசு பேசிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் நுஹ்மான் தலையைத் திருப்பினான். வேலை எப்படி ஓடுகிறது என்று மச்சானுக்குக் காட்டுவதற்காக, சிரித்துக்கொண்டே திரும்பினான். நின்ற இடத்தில் ஆளைக் காணவில்லை. கண் தேடிக்கொண்டு போய்ப் பாலை மரத்தில் நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்தபடியே, ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு மரத்துக்குத் திரும்பிவிட்டான்.

ஸக்கரியா வெளியே வந்தார். நடக்கவில்லை, ஓடினார். கத்தினால் கேட்காது. நேராக வீல் பக்கமாகவே போய், குனிந்து, பிளக்கில் மாட்டியிருந்த வயரை வெறும் கையால் பிடுங்கினார். தோள்பட்டை வரைக்கும் கரன்ட் அடித்தது. பின்னால் போய்க் குந்தி விழுந்தார். வாள் மூச்சடைத்து நின்றது.

“என்ன மச்சான், பைத்தியமா ஒங்களுக்கு? சங்கிலில கை பட்டா என்ன ஆகிறது?”

ஆறு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஸக்கரியா தரையில் இருந்தபடியே பேசினார்.

“எண்ணெய் மாத்த வரல்ல. சின்னத் தகடு போடவும் வரல்ல. நான் பிழ செஞ்சிட்டேன். வேகத்தப் புடிக்கிற சாமான நான்தான் கழட்டி வீசினேன். பெட்டி மூடில எழுதியிருந்த கவர்னர் அதுதான். வீலும் இந்த மெஷின்ட வீல் இல்ல, பம்பு வீலு. இது வெடிக்கும் நுஹ்மான். காலையிலயே எனக்குத் தெரியும்.”

சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றினார். கறுப்புப் பெயின்ட்டில், நடு அச்சிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழையாக ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெருவிரலை வைத்து அமுக்கினார். வெற்றிலை அளவில் ஒரு துண்டு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

கும்பிட்ட தோட்டத்துக்காரர் அதை எட்டிப் பார்த்தார். பிறகு, தான் இவ்வளவு நேரமும் குந்தியிருந்த இடத்தையும் பார்த்தார். போய்க் கோடரியை எடுத்தார்.

மருத மரத்தை மிச்சப் பாதி கோடரியாலும் கைவாளாலும் வெட்டினார்கள். நுஹ்மான்தான் கைவாளின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க ஸக்கரியா போனார். அவன் கையை நீட்டித் தடுத்து, ஊர்க்காரன் ஒருவனைக் கூப்பிட்டான். பொழுது சாயும் நேரத்தில் மரம் விழுந்தது.

ஆட்கள் குளிக்க ஓடைக்குப் போனார்கள். நுஹ்மான் கடைசியாகப் போய் முகம் கழுவினான். ஸக்கரியா கரையில் நின்றார். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே கேட்டான்.

“நீங்க பாலை மரத்துக்குப் பின்னால எவ்வளவு நேரம் நிண்டீங்க?”

ஸக்கரியா மடியிலிருந்த வீல் துண்டை எடுத்துக் கரையில் வைத்தார்.

“மெஷின் வேலைல ஆருக்கும் பிழ வரும் மச்சான். எழுத்த ஒரு மாதிரி வாசிச்சிட்டீங்க, அது ஒண்டுமில்ல. நான் அத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க ஓடி வந்து வயரப் புடுங்கினீங்க, அதையும் மறக்க மாட்டேன்” என்றான் நுஹ்மான். துண்டைப் பிழிந்தான். “ஆனா நான் திரும்பிப் பார்க்கக்குள்ள நீங்க அங்க நிண்டீங்க. எனக்கு ஒரு தென்னங்கீத்துகூட மறைப்பு இல்ல. அத ஜுனைதாக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றார் ஸக்கரியா.

அடுத்த நாள் பகல், தங்கச்சி வீடு இருக்கிற வரக்காமுறையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஜுனைதா முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

“நாநா, வில்கமுவைக்கா போய்ட்டு வாறீங்க? அவரு நல்லா ஈக்கிறாரா? வாள் நல்லா வெட்டுதாமே, பஸ்ல வந்தவங்க சொன்னாங்க.”

“நல்லா ஈக்கிறான். நீ இப்பிடி உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். பெட்டி மூடியில் எழுதியிருந்ததிலிருந்து தொடங்கலாம், பதினான்கு மாதக் கடிதங்களிலிருந்து தொடங்கலாம், ட்ராக்டரில் நின்றபடி ஓதியதிலிருந்து தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் கதை முடியும்போது அவர் நல்லவராகவே வந்து சேர்ந்திருப்பார், ஜுனைதாவும் அழுதுகொண்டு அவர் கையைப் பிடித்திருப்பாள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“நுஹ்மான் மரம் வெட்டிக்கிட்டு ஈந்தான்” என்றார் ஸக்கரியா. “அந்த மெஷின் வெடிக்கும்ண்டு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் போய் ஒரு பாலை மரத்துக்குப் பின்னால நிண்டுக்கிட்டேன்.”